மாப்பிள்ளையிடம் தாத்தா கேட்ட கேள்வி

என் அக்காவின் வேலையைப் பறித்தவர் அவள் புருஷனுடைய தாய்மாமன். விதி இல்லை, குடும்பச் சூழ்நிலை இல்லை. அவர்தான். கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தின் முன்னால் மைக்கைப் பிடித்துப் பொய் சொல்லிப் பறித்தார். இன்றைக்கு அதே மனிதர் ஊர் ஊராகக் கல்யாண மேடைகளில் என் தாத்தாவின் ஜோக்குகளைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்.

இதை எழுதினால் அக்காவுக்குத்தான் சங்கடம் என்று வீட்டில் சொன்னார்கள். அக்காவிடமே கேட்டேன். "எழுது" என்றாள். எழுதுகிறேன்.

தாத்தா பெங்களூர் மாநகராட்சியில் ரோடு ரோலர் ஓட்டியவர். அல்சூர் பக்கத்துச் சாலைகள் பாதிக்கு மேல் அவர் உருட்டியது. "நான் ரோலர் ஓட்டினவன். அவசரம்னா இன்னான்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லித்தான் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்பார். மர்பி டவுனில் எங்கள் தெருவில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் வாழ்த்துரைக்கு அவரைக் கூப்பிடுவார்கள். நாங்கள் பௌத்தர்கள். எங்கள் கல்யாணத்தில் ஐயர் கிடையாது, நல்ல நேரம் கெட்ட நேரம் கிடையாது. தெருவை அடைத்து ஷாமியானா போடுவோம். பஞ்சசீல உறுதிமொழி சொல்லுவோம். பெரியவர்கள் வாழ்த்திப் பேசுவார்கள். பிறகு அவர்களில் ஒருவர் மாலை எடுத்துக் கொடுக்க, இரண்டு பேரும் மாற்றிக்கொள்வார்கள். "நமக்கு ராகு காலம் கிடையாது, பிரியாணி ஆறிப்போற காலம்தான் இருக்கு" என்பார் தாத்தா. மற்ற பெரியவர்கள் சமூகம், கல்வி, விடுதலை என்று நீட்டிக்கொண்டு போவார்கள். கூட்டம் கொட்டாவி விடும். தாத்தா மைக்கைத் தொட்டால் சமையல்காரர்கூடக் கரண்டியோடு வந்து நிற்பார்.

"மாப்ளே, சண்டை வந்தா தோத்துடு. ஜெயிச்சவன்தான் அன்னிக்குச் சோறு வடிக்கணும்."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கோவப்படாதீங்க. வீடு சின்னது. நம்ம தெரு கக்கூஸ் மாதிரி வரிசையா போங்க. ஒருத்தர் வெளிய வந்தப்புறம் இன்னொருத்தர்."

"அம்மா பொண்ணே, புருஷன் என்னிக்காவது சமைச்சா உப்பு இல்லைன்னு சொல்லிடாதே. சொன்னா அதான் அவன் கடைசி சமையல்."

சிரிப்பு அடங்கும்போது மாலைகளைக் கையில் எடுத்துக்கொள்வார். உடனே கொடுக்கமாட்டார். மாப்பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்பார். மாப்பிள்ளை மைக்கில் பதில் சொன்ன பிறகுதான் மாலை கை மாறும். இது எங்கள் தெருவில் அவர் ஏற்படுத்திய வழக்கம். ஒரு ஆட்டோக்காரரிடம், "பொண்டாட்டி ஏறினா மீட்டர் போடுவியா?" என்று கேட்டார். "போடமாட்டேன் தாத்தா, ரிட்டர்ன் சார்ஜும் கேக்கமாட்டேன்" என்றார் அவர். குடிப்பழக்கம் இருந்த இன்னொரு மாப்பிள்ளையிடம், "சம்பளத்தன்னிக்கு எந்த வழியா வீட்டுக்கு வருவே? சாராயக் கடை இருக்கிற வழியாவா, இல்லாத வழியாவா?" என்றார். "இல்லாத வழி எதுன்னு நீங்களே காட்டுங்க, அதுல வர்றேன்" என்றான் அவன். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது.

ஆனால் அந்தப் பதிலைத் தெரு மறக்கவில்லை. மறுவாரமே அவன் தள்ளாடிக்கொண்டு வந்தபோது குழாயடியில் நின்ற பெண்கள் விடவில்லை. "இன்னாப்பா, தாத்தா வழி காட்டலியா?" என்று ஒருத்தி கேட்டாள். "நாளைக்கு நான் வந்து கையப் புடிச்சுக் கூட்டிம்போவட்டா?" என்றாள் இன்னொருத்தி. அந்த ஆள் குடியை விட்டான் என்று சொல்லமாட்டேன். ஆனால் குழாயடிப் பக்கம் வர பயந்தான். அவன் பெண்டாட்டி மேல் கை வைக்கவும் பயந்தான். மைக்கில் சொன்னது ஜோக்காக இருக்கலாம். கேட்டவர்கள் எல்லாரும் பக்கத்து வீட்டிலேயே இருந்தார்கள். அதுதான் அந்த வழக்கத்தின் பலம். அதன் ஓட்டை எங்கே என்று அக்கா கல்யாணத்தில்தான் தெரிந்தது.

அக்கா மின் மீட்டர் செய்கிற ஒரு அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். மெல்லிய கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றவைக்கிற பிரிவு. தேர்வு எழுதி, நேர்முகம் போய், பயிற்சி முடித்து, பர்மனென்ட் ஆனவள். எங்கள் குடும்பத்தில் பர்மனென்ட் என்ற வார்த்தையைத் தன் பெயரோடு சேர்த்துச் சொன்ன முதல் பெண் அவள். காலையில் அல்சூர் ஏரி முனையில் கம்பெனி பஸ் வரும். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு அதில் ஏறுவாள். நான் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எந்த நாளும் கடைசி நாளாக இருக்கலாம். சூப்பர்வைசருக்குப் பிடிக்கவில்லை என்றால் போதும். அதனால் பர்மனென்ட் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மாப்பிள்ளை கோலார் தங்கவயல். அங்கே ஒரு ஒர்க் ஷாப்பில் இருந்தார். நல்ல மனிதர். யார் என்ன சொன்னாலும் சரி என்பார், அதுதான் தொல்லை. அப்பா இல்லாத பிள்ளை. அந்த வீட்டில் எல்லாம் தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். பெண் பார்க்க வந்தபோதே என் அம்மா கேட்டாள், வேலை என்ன ஆகும் என்று. "அதெல்லாம் பேசிக்கலாம்" என்றார் தாய்மாமன். நிச்சயத்தின்போது அப்பா கேட்டார். "அதெல்லாம் பேசிக்கலாம் சம்பந்தி" என்றார். பேசவே இல்லை. கல்யாண நாள் வந்துவிட்டது.

தாத்தா மைக்கைப் பிடித்தார். ரோலர் ஜோக் சொன்னார், பிரியாணி ஜோக் சொன்னார். தங்கவயலிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த கூட்டம் அவரை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு மாலைகளை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார்.

"மாப்ளே, என் பேத்தி காலைல ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறுறவ. நீ தங்கவயல்ல கீறே. அந்த பஸ்ஸு தங்கவயலுக்கு வராது. இப்போ பஸ்ஸ நீ அங்க இழுத்துட்டுப் போவியா, இல்ல நீ இங்க வருவியா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தாய்மாமனைத் திரும்பிப் பார்த்தார். தாய்மாமன் எழுந்து வந்தார். மாப்பிள்ளை முன்னால் நீட்டியிருந்த மைக்கைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"பெரியவர் கேள்விக்கு நான் பதில் சொல்றேன்."

"கேள்வி மாப்ளைக்கு, சம்பந்தி" என்றார் தாத்தா. "மாலை போட்டுக்கப் போறது நீங்களா?"

சிரிப்பு இன்னும் பலமாக வந்தது. தாய்மாமன் முகம் மட்டும் மாறியது. பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரிந்தது. உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களில் ஒருவர், "எங்க ஊர்ல பெரியவங்க பேசினா சின்னவங்க பேசினமாதிரிதான்" என்று சத்தமாகச் சொன்னார். இன்னொருவர், "இது இன்னாங்க, கல்யாணமா பரீட்சையா?" என்றார். அதில் சிரிப்பு இல்லை. பின்வரிசையில் நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது.

தாத்தா மாலைகளை விடவில்லை. "பரீட்சைதான். ஒரே கேள்விதான். மாப்ளே, நீ சொல்லு. ஆமா இல்லன்னாகூடப் போதும்."

மாப்பிள்ளை மறுபடி தாய்மாமனைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் வழக்கப்படி வெள்ளைப் புடவையில் தலை குனிந்து நின்ற அக்காவின் கை விரல்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருந்தன. அப்பா மேடை ஓரத்திலிருந்து, "நைனா, குடுத்துடு" என்றார். தாத்தா அசையவில்லை. அப்பா மேடை ஏறி வந்து அவர் காதில் மறுபடி சொன்னார், "நைனா, வந்தவங்க எழுந்துக்கறாங்க. பொண்ணு வாழ்க்கை. குடுத்துடு."

அப்போதுதான் தாய்மாமன் பேசினார். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவில் இருக்கிறது. என் காதுக்குப் பக்கத்தில்தான் ஸ்பீக்கர் இருந்தது.

"சபையில சொல்றேன். பொண்ணு வேலையை விட வேணாம். என் அக்கா மகன் பெங்களூருக்கு வந்து குடித்தனம் வைப்பான். நானே வந்து வீடு பார்த்துத் தர்றேன். பஸ்ஸு நிக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே பார்த்துத் தர்றேன். போதுமா பெரியவரே? இது என் வாக்கு."

கைதட்டல். விசில். தாத்தா மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாலைகளைக் கொடுத்தார். வாக்குக் கொடுத்தவர் தங்கவயல்காரர். கேட்டவர்களில் பாதிப் பேர் அன்று சாயங்காலமே பஸ் ஏறித் தங்கவயலுக்குப் போகிறவர்கள். அங்கே எங்கள் தெருக் குழாயடி இல்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட அதை யோசிக்கவில்லை. தாத்தாவும் யோசிக்கவில்லை.

வீடு பார்க்கிறோம், பார்க்கிறோம் என்றார்கள். அதுவரை அக்கா ரயிலில் வந்து போனாள். தங்கவயலிலிருந்து விடியற்காலை கிளம்புகிற ரயில் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதில் உட்கார இடம் வேண்டுமென்றால் முதல் ஸ்டேஷனிலேயே சண்டை போட வேண்டும். பெங்களூர் வந்து இறங்கி, டவுன் பஸ் பிடித்து, ஷிஃப்டுக்கு ஓடுவாள். திரும்பிப் போகும்போதும் அதே பாடு. மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தார். அக்கா கர்ப்பமானாள். தாய்மாமன் அக்காவையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தொழிற்சாலைக்கே வந்து ராஜினாமா கொடுக்க வைத்தார். எங்கள் வீட்டுக்கு ஒரு வார்த்தை இல்லை. மர்பி டவுன் வழியாகத்தான் போயிருக்கிறார்கள். வாசலில்கூட நிற்கவில்லை.

அக்காவின் பிரிவில் வேலை செய்த ஒரு கன்னட அம்மா எங்கள் வீட்டைத் தேடி வந்து சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். "காகிதம் இன்னும் மேலே போகலை" என்று அந்த அம்மா சொன்னார். "திங்கட்கிழமை அவளே நேரில் வந்து வேண்டாம்னு சொன்னா திருப்பிக் குடுத்துடுவாங்க. பிரசவ லீவும் உண்டு. சம்பளத்தோட லீவு. யாராவது அவளைக் கூட்டிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை தாத்தாவும் நானும் ரயில் ஏறினோம். அப்பா வரவில்லை. சம்பந்தி வீட்டில் போய்ச் சண்டை போடுகிற பழக்கம் இல்லை என்றார். வழியெல்லாம் தாத்தாவிடமிருந்து ஒரு ஜோக்குகூட இல்லை. மனிதர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள். நாங்கள் அந்த லைனுக்குள் நுழைந்ததும் ஒரு பெண் கத்தினாள், "ஏய், தமாஷு தாத்தா வந்திருக்கார்!" கல்யாணத்துக்கு வந்தவள். அவ்வளவுதான், வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒருவர் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். ஒருவர் டீ கொண்டுவந்தார். "ரோலர் கதை சொல்லுங்க தாத்தா" என்றார்கள். தாய்மாமன் அடுத்த வீட்டிலிருந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

தாத்தா உட்காரவில்லை. "சம்பந்தி, நாளைக்கு என் பேத்தியை வேலைக்கு அனுப்புங்க" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க" என்றார் தாத்தா. இன்னும் சிரித்தார்கள். அவர் எப்போதும் அப்படித்தானே ஆரம்பிப்பார், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

"வயித்துல புள்ளையோட அவ ரயில்ல தொங்கணுமா பெரியவரே?" என்றார் தாய்மாமன்.

"வேணாம். அதுக்குத்தானே பஸ்ஸு நிக்கிற எடத்துல வீடு பார்த்துத் தர்றேன்னு மைக்ல சொன்னீங்க? வீடு எங்க?"

"கேட்டீங்களா?" தாய்மாமன் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "வீடு எங்கன்னு கேக்குறார். ரயில் ஏறி வந்து தமாஷு பண்றார் பாருங்க பெரியவர்!"

எல்லாரும் கைதட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், கைதட்டினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு அது ஒரு கச்சேரி. தாத்தா அவர் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். "நான் தமாஷு பண்ண வரலடா" என்றார். கல்யாணத்தில்கூட யாரையும் டா போட்டுப் பேசாதவர். அதற்கும் ஒருத்தர் "ஆஹா" என்றார். முன்னால் நின்ற ஒரு அம்மா மட்டும் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவளின் கையைத் தட்டினார்.

நான் அக்கா புருஷனிடம் போனேன். அவர் வாசல் ஓரத்தில் நின்றிருந்தார். "மாமா, நீங்க சொல்லுங்க. நாளைக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போறோம். ஒரு கையெழுத்துதான்." அவர் தன் செருப்பைப் பார்த்தார். "மாமாவைக் கேளும்மா" என்றார்.

தாய்மாமன் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்தக் குரல் கூட்டத்துக்கு இல்லை, எனக்கு மட்டும். "இத பாரும்மா. மேடைப் பேச்சு மேடையோட. உங்க தாத்தா தமாஷா கேட்டார், நானும் தமாஷா சொன்னேன். அதைப் புடிச்சிக்கினு வீட்டு வாசல்ல வந்து நிப்பீங்களா? உனக்கும் நாளைக்குக் கல்யாணம் ஆவணும். பார்த்துப் பேசு."

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள், கையில் ஸ்பூன் இருந்தது. "தாத்தா, உள்ள வாங்க. சாப்பிடுங்க" என்றாள்.

"நீ கெளம்பு கண்ணு" என்றார் தாத்தா.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் மாமனைப் பார்த்தார். மாமன் எங்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். அக்கா கிளம்பவில்லை. அவளைக் குறை சொல்கிறவர்கள் அந்த லைனில், அந்தக் கூட்டத்தின் நடுவில், வயிற்றில் பிள்ளையோடு நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும். தாத்தா அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திங்கட்கிழமை போயிற்று. காகிதம் மேலே போயிற்று. அக்கா வேலை அத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகும் தாத்தாவைக் கல்யாணங்களுக்குக் கூப்பிட்டார்கள். போனார், பேசினார். மாலையைக் கையில் எடுத்தால் கேள்வி கேட்கமாட்டார், உடனே கொடுத்துவிடுவார். "கேள்வி எங்க தாத்தா?" என்று கூட்டம் கத்தும். "பிரியாணி ஆறுது" என்று இறங்கிவிடுவார். அவர் செத்தபோது தாய்மாமன் மாலையோடு வந்தார். இரங்கல் கூட்டத்தில் பேசினார். "எங்களையெல்லாம் சிரிக்க வைத்த மகான்" என்றார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அந்த லைனில் பாதிப் பேர் பெங்களூருக்கு வந்துவிட்டார்கள். தாய்மாமனும் வந்துவிட்டார். அக்கா குடும்பமும் வந்தது. வேலை போன பிறகு பெங்களூர் கிடைத்தது. அக்கா இப்போது வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மெண்டில் இரண்டு வீடுகளுக்குச் சமையல் செய்கிறாள். சமையல் கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. அது அவள் தேர்வு எழுதி வாங்கிய வேலை இல்லை என்று சொல்கிறேன். அவளோடு சேர்ந்தவர்கள் இன்றும் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். சிக்னலில் அந்த பஸ் நின்றால் அக்கா தலையைத் திருப்பிக்கொள்கிறாள். நானே பார்த்திருக்கிறேன்.

போன மாதம் பொம்மனஹள்ளியில், என்னோடு வேலை செய்கிற ஒரு பெண்ணின் கல்யாணம். சின்ன மண்டபம். வாழ்த்துரைக்கு மேடை ஏறியவர் தாய்மாமன். கக்கூஸ் வரிசை ஜோக் சொன்னார். உப்பு ஜோக் சொன்னார். ரோலர் மட்டும் இல்லை, அதற்குப் பதில் சுரங்கத்து லிஃப்ட். பிறகு மாலைகளைக் கையில் எடுத்தார். மார்போடு வைத்துக்கொண்டார். "மாப்ளே, ஒரு கேள்வி. பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போவுமா?" என்றார். பையன், "போவும்" என்றான். "சபையில சொல்லிட்டே, ஞாபகம் வச்சிக்கோ!" என்றார் தாய்மாமன். கைதட்டல்.

என்னால் உட்கார முடியவில்லை. முன்னால் போய் நின்று, "நீங்க சபையில சொன்னது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். மைக் அவர் கையில் இருந்தது, என் கையில் இல்லை. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.  பிறகு சிரித்தார். "இது நம்ம சம்பந்தி பொண்ணு. தமாஷு குடும்பம்! தாத்தாவையே மிஞ்சிடும்" என்றார். கூட்டம் சிரித்தது. கூட வந்திருந்த தோழி ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள். மேடையில் நின்ற பெண்ணின் கல்யாணத்தைக் கெடுக்கக் கூடாது என்று உட்கார்ந்தேன்.

இனி உட்காரமாட்டேன். ஐயா, இதை நீங்கள் படிப்பீர்கள், படிக்காவிட்டாலும் யாராவது படித்துக் காட்டுவார்கள். வரும் மாதம் மர்பி டவுனில் எங்கள் தெருச் சங்கத்தின் ஆண்டு விழா. பேச்சாளர் வரிசையில் உங்கள் பேரும் போட்டிருக்கிறார்கள். என் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் நான் இருப்பேன். மைக் உங்கள் கையிலேயே இருக்கட்டும், எனக்கு வேண்டாம். என் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டுப் பேசுகிற வேலை வேண்டாம். யாரையும் சிரிக்க வைக்காமல், அத்தனை பேர் முன்னாலும் இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: என் அக்காவுக்காகப் பெங்களூரில் நீங்கள் ஒரு நாளாவது வீடு பார்த்தீர்களா? பார்த்தீர்கள் என்றால், எந்தத் தெருவில்?